மனிதநேயமுள்ள வேலையிடம்: மாநாட்டில் கேட்டதை எந்தத் தாளில் எழுதி வைப்பது?

பதிவு 1 · பணிப்பட்டியல்

சிங்கப்பூரின் மனிதவள மாநாடுகளில் இப்போது அதிகம் அடிபடும் சொல் ‘மனிதநேயமுள்ள வேலையிடம்’. பரிவுள்ள தலைமைத்துவம், மனநலம், நம்பிக்கை என்று அமர்வுக்கு அமர்வு பேசுகிறார்கள். தேவையான பேச்சுதான். ஆனால் 40 பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனத்தில், ஒரே ஒரு எச்.ஆர். அதிகாரியும் ஓர் எக்செல் கோப்புமாக ஓடும் இடத்தில், அது எந்தப் படிவத்தில், எந்தக் கடிதத்தில் வந்து உட்கார வேண்டும்? அதைப் பேசத்தான் இந்த இழை.

ஒரு நிறுவனத்தின் மனசு ஊழியருக்குத் தெரியவருவது சில சமயங்களில்தான். உடம்புக்கு முடியவில்லை என்று காலையில் செய்தி அனுப்பும்போது, பிள்ளைக்காகவோ வயதான பெற்றோருக்காகவோ நேரத்தை மாற்றிக் கேட்கும்போது, சம்பளத்தில் ஏதோ குறைகிறதே என்று வாய் திறக்கும்போது, மேலாளர்மேல் புகார் சொல்லும்போது, வேலை போகும்போது. அப்போது யார் பதில் சொல்வது, எத்தனை நாளில் சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்காத இடத்தில், எவ்வளவு நல்ல மேலாளரும் அன்றைய மனநிலைப்படிதான் நடந்துகொள்வார்.

நேரம் மாற்றிக் கேட்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எழுத்தில் விண்ணப்பித்தால், நிறுவனம் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் செலவு, உற்பத்தி குறைவது, அந்த வேலைக்கே ஒத்துவராதது போன்ற வர்த்தகக் காரணமாக இருக்க வேண்டும். ‘எங்கள் நிர்வாகத்துக்கு இதில் நம்பிக்கை இல்லை’, ‘ஆள் கண்முன் இருந்தால்தான் மேலாளருக்குத் திருப்தி’, ‘இங்கே அப்படி வழக்கமே இல்லை’ இவை மூன்றும் செல்லாது.

பெரும்பாலும் கோளாறு விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது. ‘வாரத்தில் சில நாள் சீக்கிரம் போகலாமா?’ என்று கேட்டால் மேலாளருக்கு மனத்தில் தோன்றுவது தினமும் ஆள் இல்லாத மேசைதான். படிவத்தில் விண்ணப்பித்த தேதி, என்ன ஏற்பாடு (எத்தனை முறை, எவ்வளவு காலம்), காரணம், தொடங்கும் தேதி, முடியும் தேதி ஆகியவற்றுக்குத் தனித்தனி கட்டம் வையுங்கள். நிரப்பிய பின் இப்படி இருக்கும்:

‘செவ்வாய், வியாழன் இரு நாளும் காலை 7.30க்குத் தொடங்கி மாலை 4.30க்கு முடிக்க விரும்புகிறேன். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஜூலை முடிய. அம்மாவை டயாலிசிஸ் நிலையத்திலிருந்து 5.15க்கு அழைத்து வர வேண்டும். 4.30க்குப் பிறகு வரும் ஆர்டர்களை மறுநாள் காலை 8 மணிக்குள் முடித்துவிடுவேன்.’

இதை மறுக்க வேண்டியிருந்தாலும் அதே அளவு துல்லியமாக மறுக்க முடியும்:

‘முகப்பு மேசையில் மாலை 6 மணி வரை இருவர் தேவை, இப்போது இருப்பதே இருவர்தான். அதனால் இரு நாளும் 4.30க்கு முடிக்க இயலவில்லை. வியாழனன்று மட்டும் பிப்ரவரியிலேயே தொடங்கலாம். செவ்வாய்க்குப் பகுதிநேர ஊழியரைத் தேடுகிறோம்; மார்ச் 16ஆம் தேதி மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.’

அந்த மார்ச் 16ஐ இருவரின் நாட்காட்டியிலும் அன்றே போட்டுவிட வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற சொல்லைக் கடிதத்தில் எங்கேயும் வரவிடாதீர்கள்.

பதிவு 2 · நீலக்குடை

நல்ல தொடக்கம். எம்.சி. (மருத்துவச் சான்றிதழோடு எடுக்கும் விடுப்பு) விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம் எளிது. 6 மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் வெளிநோயாளி விடுப்பு. மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள். இந்த இரண்டும் 3 மாதம் முடித்தவருக்கு 5, 15 என்று தொடங்கி, 4 மாதம் முடித்தால் 8, 30 என்றும் 5 மாதம் முடித்தால் 11, 45 என்றும் ஏறும். வராததை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். மேலாளராக இருந்தாலும் கடைநிலை ஊழியராக இருந்தாலும் இது பொருந்தும்.

சிக்கல் காலை 6.40க்கு வரும் வாட்ஸ்அப் செய்தியில்தான். ஊழியர் ‘காய்ச்சல், இன்று வர முடியாது’ என்கிறார். மேற்பார்வையாளரிடமிருந்து வரிசையாகக் கேள்விகள்: ‘என்ன காய்ச்சல்? எந்த கிளினிக்? உன் ஷிப்டுக்கு ஆள் பார்த்துவிட்டாயா?’ கடைசிக் கேள்விதான் மோசமானது. காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தபடி ஒருவர் ஏழு பேருக்குப் போன் போட்டுக் கெஞ்சுகிறார். மாற்று ஆளைத் தேடுவது பட்டியல் போட்டவரின் வேலை. இதைக் கொள்கையில் ஒரே வரியில் எழுதி, மேற்பார்வையாளரின் கைப்பேசியில் ஒரு ஆயத்தப் பதிலையும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்: ‘செய்தி கிடைத்தது. ஓய்வெடுங்கள். எம்.சி. கிடைத்ததும் படம் அனுப்பினால் போதும். இன்று அவசரமாகப் பார்க்க வேண்டியது ஏதும் உண்டா?’

ஏன் மேற்பார்வையாளர் அப்படிக் கேட்கிறார்? அவருக்கே ஆள் பற்றாக்குறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர் கொண்ட கடை, வாரம் 6 நாள் வேலை. ஆளுக்கு 7 நாள் ஆண்டு விடுப்பு, 5 நாள் எம்.சி. என்று வைத்தாலே 144 நாள். ஆண்டில் கடை நடக்கும் 312 நாளில், ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் இருக்கமாட்டார். இது ஜனவரியிலேயே தெரிந்த விஷயம். அப்படியிருக்க, 12 பேரும் தினமும் வருவார்கள் என்று பட்டியல் போட்டால், ஒவ்வொரு எம்.சி.யும் துரோகம் மாதிரி தெரியத்தான் செய்யும். அந்த 144 நாள் ஓர் ஆளின் ஆண்டு வேலையில் சுமார் பாதி. ஒரு பகுதிநேர ஊழியரை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பதிவு 3 · புதுமேசை

கட்டுமானத் துணை ஒப்பந்த நிறுவனங்களில் ஊழியர் அதிகம் கேட்பது ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்குதான். ‘30 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்து, ஒன்றரை மடங்கு’ என்றுதான் பல இடங்களில் போடுகிறார்கள். சரியா? இதையும் மனிதநேயத்தில் சேர்க்கலாமா, இல்லை வேறு இழையில் கேட்கணுமா?

பதிவு 4 · கணக்குமேசை

இங்கேயே கேளுங்கள் தம்பி. சம்பளச் சீட்டுக்கு மிஞ்சிய மரியாதை எதுவும் இல்லை.

அந்தக் கணக்கு தவறு. மணிக்கூலி = 12 × மாத அடிப்படைச் சம்பளம் ÷ (52 வாரம் × 44 மணி நேரம்). அடிப்படை 2,000 வெள்ளி என்றால் 24,000 ÷ 2,288 = 10.49 வெள்ளி, ஒன்றரை மடங்கு 15.73. நீங்கள் சொன்ன முறையில் 2,000 ÷ 240 = 8.33, ஒன்றரை மடங்கு 12.50. மணிக்கு 3.23 வெள்ளி குறைகிறது. மாதம் 40 மணி நேரம் ஓ.டி. பார்ப்பவருக்கு 129.20 வெள்ளி. யாரும் திருட நினைத்திருக்கமாட்டார்கள். யாரோ எப்போதோ போட்ட எக்செல் சூத்திரம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும். ஊழியர் பார்வையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த ஓ.டி. உரிமை உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் மாதம் 4,500 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வரைக்கும், மற்றவர் என்றால் 2,600 வரைக்கும். மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது. சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓ.டி. பணம்.

ஓய்வு நாளிலும் தப்பு நடக்கிறது. முதலாளி கூப்பிட்டு வந்தால், வழக்கமான நேரத்தில் பாதி வரைக்கும் ஒரு நாள் சம்பளம். பாதிக்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். வழக்கமான நேரத்தையும் தாண்டினால் அதற்கு மேல் ஓ.டி. ஊழியரே கேட்டு வந்தால் அரை நாள், ஒரு நாள் என்று குறையும். அதனால் ‘யார் கேட்டது’ என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ‘ஞாயிறு வரீங்களா?’ என்று மேற்பார்வையாளர் அனுப்பிய செய்தியே போதும். அதை அழிக்காமல் வையுங்கள்.

சம்பளச் சீட்டு சம்பளத்தோடு சேர்த்தோ 3 வேலை நாளுக்குள்ளோ தர வேண்டும். அடிப்படை, படிகள், கழிவுகள் ஒவ்வொன்றும் தனி வரி. ஓ.டி. எத்தனை மணி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்றும் இருக்க வேண்டும். பல சீட்டுகளில் ‘கழிவு 185.00’ என்று ஒரே வரி. உணவா, விடுதியா, முன்பணமா என்று கேட்க ஊழியர் அலுவலக வாசலில் நிற்கிறார். மூன்று வரியாகப் பிரித்துப் போட்டால் அவர் வரவே மாட்டார்.

பொருள் சேதத்துக்குப் பிடித்தம் என்றால், அவர் தரப்பைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது. உச்சவரம்பு ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு. வேலை அனுமதிச் சீட்டில் வந்த வெளிநாட்டு ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பதற்கு முன்னால் அவருடைய எழுத்துச் சம்மதமும், மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டியே தகவலும் தேவை. வேலை இல்லாமல் விடுதியில் உட்கார வைத்தாலும் நிலையான மாதச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பதிவு 5 · தளவெயில்

மாநாட்டு அமர்வுகள் குளிரூட்டிய அறையில் நடப்பதால் வெயில் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற நம் ஆட்களில் பலர் வாரம் முழுக்க வெயிலில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு மனிதநேயம் என்றால் முதலில் தண்ணீரும் நிழலும்.

2023 அக்டோபரில் அமைச்சு கொண்டுவந்த வெப்பத் தாக்க நடவடிக்கைகளின்படி, வெளியில் வேலை நடக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை ‘வெட் பல்ப் குளோப்’ வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். சாதாரண வெப்பமானி காட்டும் எண் அல்ல இது. காற்றின் ஈரப்பதம், நேர் வெயில், காற்றோட்டம் எல்லாம் சேர்ந்தது. 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிடம். ஒப்பந்த மதிப்பு 5 மில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ உள்ள கட்டுமானத் தளங்களிலும், கப்பல் பட்டறைகளிலும், எண்ணெய், ரசாயனம் போன்ற செயல்முறைத் தொழில் இடங்களிலும் அளவுமானி தளத்திலேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் வானிலை காட்டும் ‘மைஇஎன்வி’ செயலியைப் பார்க்கலாம். புதிதாக வந்தவரையும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவரையும் குறைந்தது 7 நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். தண்ணீர் மணிக்கு 300 மில்லிலிட்டராவது.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கும். தளத்தில் எங்கே கெடுகிறது என்று சொல்கிறேன்.

நிழல் கொட்டகை தளத்தின் வாசலில் இருக்கும். கம்பி கட்டுபவர் பின்கோடியில். போக 4 நிமிடம், வர 4 நிமிடம். 10 நிமிட ஓய்வில் உட்காருவது 2 நிமிடம். அதனால் யாரும் போகமாட்டார்கள்; கம்பிக்கட்டு நிழலிலேயே குந்திக்கொள்வார்கள். வேலை நகர நகரக் கூடவே நகர்த்தக்கூடிய சக்கரக் கூடாரம் ஒன்று வேண்டும். ஓய்வு நேரத்தை நிழலில் உட்கார்ந்ததிலிருந்துதான் எண்ண வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி இருக்கும், ஆனால் கழிவறை தூரத்தில் இருக்கும். ஆட்கள் வேண்டுமென்றே குறைவாகக் குடிப்பார்கள், ஏனென்றால் கழிவறைக்குப் போய் வந்தால் கங்காணி முறைக்கிறார். தண்ணீர் குடிக்கச் சொல்லி எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்த முறைப்பு நிற்கும்வரை பயன் இல்லை.

ஓய்வுப் பதிவேட்டில் காலையிலேயே நாள் முழுதுக்கும் டிக் போட்டுவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: 11 மணிக்குப் போய் 3 மணி கட்டத்தைப் பாருங்கள்.

அடுத்தது சோறு. சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் அடிப்படை. விடியற்காலை லாரி ஏறும்போதே மதியப் பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் 12 மணிக்குச் சாம்பார் புளித்திருக்கும். மதிய உணவைத் தனியாக, தளத்துக்கே 11 மணிக்குமேல் கொண்டுவரும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பொட்டலத்தில் நேர முத்திரை இருக்கிறதா என்று வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள்.

பதிவு 6 · சாங்கிக்காற்று

எல்லாம் சரி. மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஒருவருக்கு நேரம் மாற்றிக் கொடுத்தால் அந்த 4.30 முதல் 6 வரையிலான வேலை ஆவியாகிப் போவதில்லை. பக்கத்து மேசைக்குப் போகிறது. அங்கே இருப்பவர் பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர், ‘உனக்கென்ன வீட்டில் பொறுப்பு’ என்று கேட்கப்படுபவர். அவருக்கு மனிதநேயம் கிடையாதா?

பதிவு 7 · பணிப்பட்டியல்

நியாயமான கேள்வி. இதற்கு விடை கொடுக்காமல் ஒப்புதல் கொடுப்பதால்தான் ஆறு மாதத்தில் எல்லா ஏற்பாடும் கசந்துபோகிறது.

ஒப்புதல் கடிதம் எழுதும் முன்னரே, விடுபடும் வேலைகளை ஒரு தாளில் பட்டியலிடுங்கள். மேலே உள்ள உதாரணத்தில்: 4.30க்குப் பின் வரும் தொலைபேசி அழைப்பு, கடைசி விநியோக ரசீது, அலமாரி பூட்டுவது. ஒவ்வொன்றுக்கும் மூன்றே வழி: நேரத்தை மாற்றுவது (ரசீதை மறுநாள் காலை பார்ப்பது), நிறுத்திவிடுவது, வேறொருவருக்குக் கொடுப்பது. மூன்றாவது வழியைத் தொட்டால் அந்த வேறொருவரிடம் முதலில் கேளுங்கள். அவருடைய வேலையிலிருந்து அதே அளவு எதையாவது எடுத்துவிடுங்கள். எடுக்க முடியவில்லை என்றால், வழிகாட்டி நெறிமுறை ஏற்கும் உண்மையான வர்த்தகக் காரணம் உங்கள் கையில் இருக்கிறது. அதை அப்படியே எழுதுங்கள்.

8 வாரச் சோதனைக் காலம் வைப்பது நல்லது. 4ஆம் வாரமும் 8ஆம் வாரமும் பக்கத்து மேசைக்காரரிடமும் பேச வேண்டும். விண்ணப்பித்தவரிடம் மட்டும் கேட்டால் ‘நன்றாகப் போகிறது’ என்றுதான் சொல்வார்.

இன்னொன்று. காரணம் பார்த்துத் தரம் பிரிக்காதீர்கள். பிள்ளை என்றால் சரி, இரவு வகுப்பு என்றால் இல்லை என்று ஆகிவிட்டால் சாங்கிக்காற்று சொன்ன மனக்கசப்பு அங்கிருந்துதான் வரும். வேலை தாங்குமா என்பது ஒன்றே அளவுகோல்.

பதிவு 8 · சட்டப்பக்கம்

புகார் நடைமுறைக்கு வருவோம். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது; 2027 இறுதியில் நடப்புக்கு வரும் என்று அமைச்சு அறிவித்தது. அதன்படி, வயது, தேசியம், பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது. நிறுவனம் புகார் நடைமுறை ஒன்றை வைத்திருக்க வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதற்கட்டத்தில் விலக்கு. விலக்கு இருக்கிறது என்று சும்மா இருக்க வேண்டாம். 10 பேர் உள்ள இடத்தில்தான் புகார் சொல்ல வேறு ஆளே இருக்கமாட்டார்.

குறைந்தது இவ்வளவு எழுதி ஒட்டுங்கள்: புகாரைப் பெற இரண்டு பேர், இருவரும் ஒரே பிரிவைச் சேராதவர்கள். பெற்றதற்கு 2 வேலை நாளில் பதில். விசாரிப்பவர் புகாருக்கு உள்ளானவரின் கீழும் மேலும் இல்லாதவர். முடிவு எழுத்தில், அதிகபட்சம் 4 வாரத்தில். இழுத்தால் ஏன் இழுக்கிறது என்று வாரம் ஒரு தகவல். இந்த நாள் கணக்குகள் சட்டத்தில் உள்ளவை அல்ல, நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நான் பரிந்துரைப்பவை.

விசாரணை கெட்டுப்போகும் இடம் மொழிபெயர்ப்பு. தமிழ் மட்டும் தெரிந்த தொழிலாளி தம் கங்காணியைப் பற்றிச் சொல்ல வருகிறார். ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தவர் யார் என்று தேடி, அந்தக் கங்காணியின் அறைத் தோழரையே கூட்டி வருவார்கள். அதோடு புகார் முடிந்தது. வேறு தளத்திலிருந்தோ வெளியிலிருந்தோ ஒருவரை அழையுங்கள். அவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, திருத்தச் சொல்லி, பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். ‘என்னைத் தள்ளினார்’ என்பது குறிப்பில் ‘கருத்து வேறுபாடு’ ஆகிவிடுவதை இதனால் தடுக்கலாம்.

புகாரளித்தவரை ‘உங்கள் பாதுகாப்புக்காக’ வேறு தளத்துக்கு மாற்றுவதும் பழிவாங்கல் மாதிரியே தெரியும். மாற்ற வேண்டுமானால் முதலில் மற்றவரை மாற்றுங்கள்.

உள்ளே தீரவில்லை என்றால் சம்பளத் தகராறுக்குச் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் சமரசம். அதிலும் தீராவிட்டால் வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் கிடையாது. உச்சவரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்கத்தின் மூலம் சமரசத்துக்குப் போனவருக்கு 30,000. வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள் போக வேண்டும், நியாயமற்ற பணிநீக்கம் என்றால் 1 மாதத்துக்குள். இந்த ஒரு மாதக் கெடு தெரியாமல் ‘எச்.ஆர். பதில் சொல்வார்கள்’ என்று காத்திருந்தே பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். வேலையிலிருந்து அனுப்பும் கடிதத்திலேயே கெடுவை எழுதும் நிறுவனத்தை நான் மதிப்பேன்.

பதிவு 9 · நீலக்குடை

புகாரோடு சேர்ந்து வருவது மனநலம். நோயின் பெயரைக் கேட்காதீர்கள். ‘இந்த வேலையில் எதைச் செய்ய முடியும், எதற்கு உதவி வேண்டும்?’ என்று மட்டும் கேளுங்கள். வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநோய் இருந்ததா என்ற கட்டம் இன்னும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அமைச்சின் ‘ஐவொர்க்ஹெல்த்’ ஆய்வுக் கருவி இலவசம். ஆனால் முடிவு வந்தபின் ஒன்றையாவது மாற்றத் தயாராக இல்லாவிட்டால் அதை நடத்தவே வேண்டாம், அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். இரவு நேரத்தில் பேச ஆள் தேவைப்பட்டால் 1771 என்ற மனநல உதவி எண் 24 மணி நேரமும் உண்டு. அதைச் சம்பளச் சீட்டின் அடியில் அச்சிடலாம்.

பதிவு 10 · தளவெயில்

காயம்பட்டவர் திரும்பி வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக் காயத்துக்கு ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், ‘இலகு வேலை’ என்று மருத்துவர் எழுதினாலும் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் (2020 செப்டம்பர் முதல்). இழப்பீட்டுச் சட்டப்படி வெளிநோயாளியாக முதல் 14 நாளுக்கும், மருத்துவமனையில் என்றால் 60 நாளுக்கும் முழுச் சராசரிச் சம்பளம். அதற்குப் பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு.

‘இலகு வேலை’ என்ற சீட்டு வந்த பிறகுதான் என்ன கொடுப்பது என்று யோசிக்கிறார்கள். கைவிரல் அடிபட்டவரைக் கூட்டச் சொல்கிறார்கள்; துடைப்பத்தையும் அதே விரலால்தானே பிடிக்க வேண்டும்? முன்கூட்டியே எட்டுப் பத்து வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நிற்க வேண்டுமா, எத்தனை கிலோ தூக்க வேண்டும், இரண்டு கையும் தேவையா, ஏணி உண்டா’ என்று குறித்து வையுங்கள். கருவிக் கிடங்கில் எண்ணிக்கை எடுப்பது, வாசலில் வருகைப் பதிவு, டூல்பாக்ஸ் கூட்டத்தில் (வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு) புதியவருக்குத் தமிழில் விளக்குவது. அந்தத் தாளை மருத்துவரிடமே காட்டினால் எது சரி என்று அவரே குறித்துக் கொடுப்பார்.

பதிவு 11 · சட்டப்பக்கம்

ஆட்குறைப்பு பற்றிச் சுருக்கமாக. 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம், ஊழியரிடம் சொன்ன 5 வேலை நாளுக்குள் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் இல்லாவிட்டால் சட்டம் சொல்வது: வேலை பார்த்த காலம் 26 வாரத்துக்குக் குறைவு என்றால் 1 நாள், 2 ஆண்டுக்குக் குறைவு என்றால் 1 வாரம், 5 ஆண்டுக்குக் குறைவு என்றால் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். இழப்பீட்டுக்கு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை என்பது வழக்கம்.

சொல்லும் நாளில் மேசையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு தாள்: கடைசி வேலை நாள், கடைசிச் சம்பளத் தொகை கூட்டல் கழித்தலோடு, எடுக்காத விடுப்புக்கான பணம், மருத்துவக் காப்புறுதி முடியும் தேதி, கேள்வி கேட்க ஒருவரின் நேரடி எண். முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வானிலை பேசிவிட்டு வந்தால் அவருக்குக் கூடுதல் அவஸ்தை. வெள்ளி மாலை வேண்டாம். சனி ஞாயிறு இரண்டு நாளும் கேட்க ஆள் இல்லாமல் தவிப்பார்கள். சிங்கப்பூரர்களுக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் 6 மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். தகுதி விதிகள் உண்டு. அதைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். வேலை அனுமதிச் சீட்டுக்காரர் என்றால் ஊர் திரும்பும் பயணச் செலவும் அதுவரை தங்குமிடமும் முதலாளியுடையது.

பதிவு 12 · புதுமேசை

ஓ.டி. சூத்திரத்துக்கு நன்றி. இன்னொன்று: தைப்பூசமும் பொங்கலும் இங்கே பொது விடுமுறை இல்லை. தமிழ் ஊழியர் 14 பேர் உள்ள இடத்தில் எல்லாரும் ஒரே நாள் விடுப்புக் கேட்டால் எப்படிச் சமாளிப்பது?

பதிவு 13 · கணக்குமேசை

ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. அதில் ஒன்றை வேறொரு வேலை நாளுக்கு மாற்றிக்கொள்ள இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சட்டம் இடம் தருகிறது. தைப்பூசத்துக்குப் பதிலாக எந்தப் பொது விடுமுறையில் வேலைக்கு வரத் தயார் என்று டிசம்பரிலேயே கேட்டு வாங்குங்கள். பண்டிகைக்கு முதல் வாரம் கேட்டால் குலுக்கல் போடத்தான் நேரம் இருக்கும். சீனப் புத்தாண்டுக்குச் சீன ஊழியர்களும் நோன்புப் பெருநாளுக்கு மலாய் ஊழியர்களும் இருக்கமாட்டார்கள். அந்த நாள்களில் தமிழ் ஊழியர் தோள் கொடுத்தால் தைப்பூசத்தன்று அவர்கள் கொடுப்பார்கள். 14 பேரில் காவடி எடுப்பவர், உடன் செல்பவர், மாலையில் கோயிலுக்குப் போனால் போதும் என்பவர் என்று பிரித்துக் கேட்டாலே முழு நாள் தேவைப்படுபவர் எண்ணிக்கை குறையும்.

ஒப்புதலில் இரண்டு தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சம்பளச் சீட்டிலும் மாற்றிக்கொண்ட நாளைத்தான் பொது விடுமுறையாகக் காட்ட வேண்டும். அதை மறந்தால் மாத முடிவில் ஒருவருக்கு இரட்டைச் சம்பளமும் இன்னொருவருக்குச் சம்பளமில்லா விடுப்பும் விழுந்து, புதுமேசை, மறுபடி உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.